தொப்பிக்கு என்ன நிறம்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு மாப்பிள்ளையின் அப்பா அண்ணாந்து சுவரைப் பார்த்தார். நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் மணி பார்க்கிறார் என்று நினைத்து நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பார்த்தது கடிகாரத்தை அல்ல. அதற்கு மேலே மாட்டியிருந்த என் அப்பாவின் படத்தை.

பாயில் தாம்பூலத் தட்டுகள் இரண்டும் எதிரெதிரே இருந்தன. அவர்கள் கொண்டுவந்த தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, என் மகளுக்கு எடுத்த அரக்குப் பட்டு. மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்திருந்த உபதேசியார், செபம் சொல்வதற்காகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு செபம், பிறகு தட்டு மாற்றுவது, பிறகு சாப்பாடு. அவ்வளவுதான் பாக்கி. பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் முன்பே வந்து போயிருந்தார்கள். அப்போது நடவு நேரம், மாப்பிள்ளையின் அப்பாவால் வர முடியவில்லை. அவர் எங்கள் ஒதியம்பட்டு வீட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான்.

"அது யாரு?" என்றார்.

"எங்கப்பாங்க." எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பழைய படம். இப்பதான் கலர் பண்ணி மாட்டினோம்."

"இன்னா வேல பாத்தாரு?"

"வயல் வேலதாங்க. திருநாளுக்கெல்லாம் கோயில் பேண்டுல கிளாரினெட் வாசிப்பாரு."

"கையில இருக்குதே, அதான் கிளாரினெட்டா?"

அப்போதுதான் நானும் அந்தக் கையைப் பார்த்தேன். அப்பா ஒரு நாற்காலியின் முதுகில் கை வைத்து நிற்கும் படம் அது. நாற்காலியின் ஒரு கம்பி அவர் கைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வர்ணம் பூசியவர் நாற்காலிக்கு ஒரு நிறமும் அந்தக் கம்பிக்கு மட்டும் மூங்கில் மஞ்சளும் கொடுத்திருந்தார். கம்பி லத்தியாகியிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க. வந்த எடத்துல இன்னா விசாரண?"

"நீ சும்மா இருடி. செவப்புத் தொப்பி, பித்தள பட்டன், கையில தடி. பேண்டாமே பேண்டு! பாகூர் ஏரிக்கரையில எம் முதுகுல வாசிச்சாங்களே, அந்த பேண்டா டீச்சரம்மா?"

அவர் இடது கையை நீட்டிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே நேராகவில்லை. பிரெஞ்சுக்காரன் போகட்டும், இந்தியாவோடு இணைப்பு வேண்டும் என்று ஊரெல்லாம் கொடி பிடித்த வருடம் அவர் மீசை முளைக்காத பையன். கூட்டாளி ஒருவனோடு ஏரிக்கரையில் கொடி கட்டப் போயிருக்கிறார். இணைப்பை எதிர்த்தவர்கள் எங்கள் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து கூட்டிவந்த ஆட்கள் மடக்கி அடித்திருக்கிறார்கள்.

"மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்ல. தொப்பி ஞாபகம் இருக்குது. இன்னிக்கும் கண்ண மூடினா அந்தச் செவப்புதான் வருது. அந்தத் தொப்பிய சுவத்துல மாட்டி வெச்சிக்கிற வூட்ல நான் சம்பந்தம் பண்ணமாட்டன்."

கிளம்பிவிட்ட அவர் பின்னாலேயே உபதேசியார் வாசல் வரை போனார். "நானும் கேள்விப்பட்டிருக்கறங்க, அவரு பேண்டுல வாசிச்சவருதான்."

"பேண்டுல ஊதினவன்ல எத்தினி பேரு அந்த வருசம் போலீசுத் தொப்பி மாத்திப் போட்டான்னு எனக்குத் தெரியும் உபதேசியாரே." செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வர ஞாயித்துக்கெழம ஓல வாசிக்க வேணாம்னு உங்க சாமியார்கிட்ட சொல்லிடுங்க. இல்ல, நானே வந்து கோயில்ல எழுந்து சொல்லட்டுமா?"

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று பூசை நேரத்தில் சாமியார் படிப்பார். சும்மா ஒரு வழக்கம்போலத்தான் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்போம். எவராவது எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. ஒருவர் எழுந்து நின்றுவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு இந்தப் பக்கத்துப் பங்குகள் எதிலும் வரன் கேட்க முடியாது.

மாப்பிள்ளையின் அம்மா கடைசியாக வெளியே போனார். போகும்போது என் கையைப் பிடித்தார். "சனிக்கெழமைக்குள்ள எதனா ஒரு வழி பண்ணுங்க டீச்சர். அதுவரிக்கும் நான் அவர புடிச்சி வெக்கிறன்."

அவர்களுடைய தட்டு எங்கள் பாயிலேயே கிடந்தது.

*

அந்தப் படம் எப்படிச் சுவருக்கு வந்தது என்று சொல்ல வேண்டும்.

அப்பா வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே படம் அது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பேண்டு உடுப்பு புதிதாகத் தைத்து வந்த வருடம் ஆசைப்பட்டுப் பட்டணத்துக்குப் போய் எடுத்தாராம். கிளாரினெட் கோயிலுக்குச் சொந்தம், வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் உடுப்பையும் தொப்பியையும் மட்டும் போட்டுக்கொண்டு, ஸ்டுடியோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் இறந்த பிறகு அது என் பெட்டியில், ஞானஸ்நானச் சீட்டுகளோடு கிடந்தது. மகளுக்கு இடம் கூடி வந்ததும், தாத்தா கூடத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. வியாபாரக் குடும்பம். அண்ணனுக்கு ஜவுளிக்கடை, தம்பிக்குப் பாத்திரக்கடை, நடுவில் பிறந்தவருக்கு இது. எண்பதுகள் தொடங்கிவிட்டன, கலர் பிலிமே வந்துவிட்டது. ஆனாலும் பழைய படத்தைப் பெரிதாக்கிக் கையால் வர்ணம் பூசிக் கொடுக்கும் வேலைக்கு அவரிடம் கூட்டம் குறையவில்லை. தெருவைப் பார்த்து மேசை போட்டு உட்கார்ந்து, பஞ்சு சுற்றிய குச்சியால் பூசுவார். டர்பன்டைன் வாசனை ஜவுளிக்கடை வரைக்கும் அடிக்கும். வாய் ஓயாது.

"ஐயா மாநிறமா, செவப்பாம்மா?" என்று கேட்டார்.

"கறுப்புங்க."

"கறுப்பா? நல்லா தெரியுமா?"

"எங்கப்பாவ எனக்குத் தெரியாதா?"

"கோச்சிக்காதீங்க. இருக்கறப்ப கறுப்பா இருந்தவங்ககூட போனப்பறம் செவந்துடறாங்க இந்த ஊர்ல. கறுப்புன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

நான் சிரித்தேன். தோல் கறுப்பு, கோட்டு கருநீலம், பட்டன் பித்தளை என்று சொன்னேன். அவர் படத்தின் பின்னால் பென்சிலால் குறித்துக்கொண்டார். தொப்பியைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உருண்டையாக, மேல்பக்கம் தட்டையாக, முன்னால் சின்னதாக ஒரு ஓரம் வைத்த தொப்பி. பிரெஞ்சுக்காரன் ஆளாத கடலூரில் கொடுத்திருந்தால் கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் அந்த உருவத் தொப்பிக்கு நிறம் கேட்க வேண்டியதே இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலும் அது சிவப்பு, இன்றும் முச்சந்தியில் நிற்கிற போலீஸ்காரர் தலையில் அது சிவப்பு. அவருடைய கை தானாகச் சிவப்பைத் தொட்டது. சிவப்புத் தொப்பி வந்த பிறகு நாற்காலிக் கம்பி லத்தியாகாமல் வேறு என்ன ஆகும்?

ஆனால் படத்தை வாங்கி வந்த அன்று எனக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. அந்தத் தொப்பியைப் பார்த்துக்கூட எனக்கு எதுவும் உறுத்தவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. காகிதத்தைப் பிரித்தேன், அப்பா என்னைப் பார்த்தார். கருமை மின்னும் கன்னம். கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள். கழுத்துக்குழியில் நிழல். அதுவரை படத்தில் இருந்தது ஒரு படம். இப்போது இருந்தது ஒரு ஆள், வெயிலில் வந்து நின்ற ஆள், கொஞ்சம் இறுக்கமான கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருந்த ஆள். தாத்தாவைப் பார்த்தேயிராத என் மகள் கிட்டே போய் நின்று, "இன்னாமா, நான் நகந்தா அவரும் பாக்கறாரு," என்றாள். அந்தச் சின்னப் படத்தை அவள் எத்தனையோ முறை பெட்டியில் பார்த்திருக்கிறாள். ஒருமுறைகூட இப்படிச் சொன்னதில்லை.

ஐந்தாம் வகுப்புக்கு நான் வரலாறு எடுக்கிறேன். ஒரு வருடம் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், அந்தக் காலத்துல வானம்கூட சாம்பலாவா இருந்துச்சி?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. எனக்கு அது அசட்டுக் கேள்வியாகத் தோன்றவில்லை. நாம் கொடுக்கிற படங்கள் எல்லாம் அப்படித்தானே இருக்கின்றன. சாம்பல் நிறத்தில் இருக்கிறவர்களுக்கு வலிக்கும் என்று பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நாமும் நம்பமாட்டோம். நிறம் வெறும் அலங்காரம் என்று சொல்கிறவர்களிடம் நான் ஒத்துப்போனதே இல்லை, இப்போதும் ஒத்துப்போகவில்லை. நிறம் வந்ததும் காலம் எழுந்து உட்காருகிறது. அது எழுந்து உட்கார்ந்தால் யாரைப் பார்த்துப் பேசும் என்பது மட்டும் நம் கையில் இல்லை. எங்கள் கூடத்தில் அது சம்பந்தியைப் பார்த்துப் பேசிவிட்டது. கறுப்பு வெள்ளையில் மாட்டியிருந்தால் அந்த மனிதர் அதன் கீழேயே உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு போயிருப்பார்.

*

என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் வரை வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது இப்படித் திறந்தார்:

"உங்கப்பன் உசுரோட இருந்தவரிக்கும் ஒருத்தருக்கும் ஒரு தொந்தரவும் பண்ணல. பெட்டியில சும்மா கெடந்தாரு. கலரடிச்சி எழுப்பி உக்கார வெச்ச பாரு, மொத வேலையா பேத்தி கல்யாணத்த நிறுத்திட்டாரு."

"நான் வேணும்னா செஞ்சேன்?"

"எனக்கு அப்பவே தெரியும். தொப்பி நீலம். நான் பாத்திருக்கறன்."

"அப்பவே தெரிஞ்சா மாட்றப்ப ஏன் சொல்லல?"

"நல்லா இருக்குதேன்னு உட்டுட்டன்."

நான் எப்போதுமே பயந்த சுபாவம்தான். மகள் பஸ்ஸில் பட்டணத்துக்குத் தையல் வகுப்புக்குப் போய்த் திரும்பும் வரை தெருமுனையிலேயே கண்ணை வைத்திருப்பேன். ஆனால் இந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது. அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதைத் தவிர என்னிடம் என்ன இருந்தது? அந்த வருடம் நான் பட்டணத்தில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமசுக்கு மட்டும் வீட்டுக்கு வந்தேன். ஊரில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள், யாரை யார் கூலிக்குக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு சில வருடங்களில் அவரும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார். பேண்டு கலைந்தது. உடுப்புகளைக் கரையான் தின்றது. எங்கள் பாடப்புத்தகத்தில் அந்த வருடத்துக்கு நான்கு வரி. அந்த நான்கு வரியை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்ட நான், என் அப்பா அப்போது எங்கே நின்றார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மகள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விட்டுவிட்டுப் போன தட்டை உள்ளே எடுத்துவந்து, பட்டுப் புடவையை அப்படியே பெட்டியில் வைத்தாள். வெற்றிலையின் மேல் ஒரு ஈரத்துணியைப் போட்டு மூடினாள். காலையும் மாலையும் அந்தத் துணியை நனைத்துப் பிழிந்து மறுபடி மூடினாள்.

"வாடிப்போனா வேற வாங்கிக்கலாம்டி," என்றேன்.

"இது அவங்க கொண்டாந்தது," என்றாள்.

*

அக்காவுக்கு அரியாங்குப்பத்தில் வாழ்க்கை. படத்தைப் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். என்னைவிட மூத்தவள், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

"செவப்பா? எவன்டி போட்டான் செவப்பு? தொப்பி பச்ச. கிளிப்பச்ச," என்றாள்.

"நல்லா ஞாபகம் இருக்குதா?"

"நாந்தானடி அத தொவைச்சிப் போடுவன்."

"தொப்பிய யாராவது தொவைப்பாங்களா?"

"சரி, தொடச்சி வெப்பன். இப்ப அதுவா முக்கியம்? பச்சதான்."

"அவரு நீலம்ன்றாரு."

"உம் புருசனுக்கு எம் புடவையே நீலமா தெரியும்." அவள் கட்டியிருந்தது ஊதா.

பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்டேன். அந்த வருடம் அப்பா ஏதாவது... என்று தொடங்கி முடிக்காமல் விட்டேன். அக்கா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நம்மள ஒரு அடி அடிக்கவே அந்த ஆளு நாள் முச்சூடும் யோசிப்பாரு. அவரு போயி ஊரான் புள்ளைய அடிச்சிருப்பாரா? ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா பண்ணமாட்டன்டி. அப்ப நான் இங்க வந்துட்டன். பெரியவன் வயித்துல."

திரும்பும்போது பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அப்பா தொப்பியோடு வீட்டுக்குள் குனிந்து நுழைவதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். சத்தம் வந்தது, கிளாரினெட்டின் ஊதுவாயில் இருக்கும் ரீடை எச்சில் தொட்டு ஈரமாக்கும் சத்தம். கோட்டின் பட்டன் என் கன்னத்தில் பட்டதன் குளிர்ச்சி வந்தது. தொப்பி மட்டும் சாம்பலாகவே வந்தது. இருபத்தைந்து வருடமாக அந்தச் சின்னப் படத்தையே பார்த்துப் பார்த்து, உண்மையான தொப்பி என் மண்டையிலிருந்து போய்விட்டிருந்தது. நீலம் என்று வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார், பச்சை என்று அக்கா அடித்துச் சொல்கிறாள், சிவப்பு என்று ஸ்டுடியோக்காரர் பூசியே விட்டார். பெற்ற மகளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வில்லியனூரில் இறங்கி நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரு கணம் குச்சியைக் கீழே வைத்தார். அப்புறம் உடனே எடுத்துக்கொண்டார்.

"இதுக்குப் போயி இவ்ளோ கலங்கறீங்களா? தொடச்சிட்டு வேற போட்டா போச்சி. நீலமா, பச்சையா? சொல்லுங்க, மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும். அந்த சம்பந்தி வந்து பாத்தா அசந்துடுவாரு."

"எந்தக் கலர்னு எனக்குத் தெரியலியே."

"தெரியாட்டி இன்னாம்மா? எது உங்களுக்கு வசதியோ அது. நான் இன்னா ஒவ்வொருத்தரையும் நேர்ல பாத்துட்டா போடறன்? போன மாசம் ஒருத்தருக்குப் பட்டு வேட்டியே கட்டி உட்டன்."

நீலம் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. நீலமாகப் பூசி மாட்டி, மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினால் விஷயம் அடங்கினாலும் அடங்கும். ஆனால் நாளைக்கு அந்த மனிதர் வந்து, "போன வாரம் செவப்பா இருந்துச்சே" என்பார். அப்போது நான் என்ன சொன்னாலும் அது பொய்யாகத்தான் காதில் விழும். அதைவிட எனக்கு வேறொன்று உறுத்தியது. எனக்குத் தெரியாத ஒன்றை அப்பாவின் தலையில் நானே வைக்க மாட்டேன். இன்னொருவர் தெரியாமல் வைத்ததற்கே இந்தப் பாடு.

"தொப்பியையும் அந்தக் கம்பியையும் மட்டும் தொடச்சிடுங்க. வேற எதுவும் போட வேணாம்."

"பாதி கலரு, பாதி கறுப்பு வெள்ளையா? என் கடை முத்திரை பின்னால இருக்குதும்மா. அதையும் சேத்து அழிச்சிடட்டுமா?"

"அது இருக்கட்டும். நல்லாத்தானே போட்டிருக்கறீங்க."

முணுமுணுத்துக்கொண்டே டர்பன்டைனில் பஞ்சை நனைத்தார். சிவப்பு பஞ்சுக்கு ஏறியது. கீழே அடர்ந்த சாம்பல் நிறம் மெல்ல வெளியே வந்தது. மஞ்சள் போனதும் லத்தி மறுபடி நாற்காலிக்குத் திரும்பியது. கறுத்த முகம், நீலக் கோட்டு, பித்தளைப் பட்டன்கள், அதன் மேலே நிறமில்லாத ஒரு தொப்பி. விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் நிறத்தோடும் தெரியாததெல்லாம் நிறமில்லாமலும் இருந்தன.

வீட்டில் அதைப் பார்த்ததும் வீட்டுக்காரர், "இத மறுபடியும் மாட்டப் போறியா?" என்றார். "பெட்டியில போடு. கல்யாணம் முடிஞ்சப்பறம் பாத்துக்கலாம்."

மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். "குடுமா," என்றாள். ஆணியில் மாட்டி, கோணலைச் சரிசெய்தாள். "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லலாம்பா. அதுக்காக தாத்தாவ ஒளிச்சி வெப்பாங்களா? அவங்க வூட்டுக்கு நான் போனப்பறம் இத எங்க ஒளிப்பேன்?"

"போனப்பறம்" என்றாள். அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வீட்டுக்காரரைப் பாகூருக்கு அனுப்பினேன். போய்க் காலில் விழுவதா என்று கேட்டார். வேண்டாம், நான் சொல்வதை அப்படியே சொல்லிவிட்டு வந்தால் போதும் என்றேன். தொப்பி என்ன நிறம் என்று எங்களுக்குத் தெரியாது. சிவப்பு, ஸ்டுடியோக்காரர் தானாகப் பூசியது, அதைத் துடைத்துவிட்டோம். அந்த வருடம் நான் ஊரில் இல்லை, அப்பா எதுவும் செய்யவில்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது. உங்கள் வலி உண்மை. ஆனால் அன்றைக்கு உங்களோடு கொடி பிடித்தவர் இருந்தால், அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். அடித்தது எங்கப்பாதான் என்று அவரும் சொன்னால், ஓலை வேண்டாம் என்று சாமியாரிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. மம்புட்டிய தோள்ல போட்டுக்கினு வயலுக்குப் போயிட்டாரு. அந்தம்மா மட்டும் மோர் குடுத்துச்சி."

வெள்ளிக்கிழமையும் போயிற்று. பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன், பிள்ளைகள் திருத்தினார்கள். சாமியார் ஆளனுப்பி, ஓலை எழுதட்டுமா வேண்டாமா என்று கேட்டார். சனிக்கிழமை மதியம் சொல்கிறேன் என்றேன். இப்போதும், இத்தனைக்குப் பிறகும், வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தால் கடிகாரத்தையா, படத்தையா என்று நானும் அண்ணாந்து பார்த்துவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை மீன்காரி போன கையோடு, வாசலில் ஒரு ஆள் நிழல் விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா. தனியாக வந்திருந்தார். என் கையெல்லாம் மீன் செதில். அவர் யாரையும் பார்க்காமல் நேராகக் கூடத்துக்குப் போய்ப் படத்தின் கீழே நின்றார். மகள் உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நெசமாவே தொடச்சிட்டீங்களா?"

"ஆமாங்க."

"இன்னா கலருதான் அது?"

"இன்னும் தெரியலீங்க."

அவர் பாயில் உட்கார்ந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சேலியமேட்டில் இருக்கிற அந்தப் பழைய கூட்டாளியைப் பார்க்க நேற்றுப் போனதாகச் சொன்னார்.

"கேட்டன். சிரிக்கிறான்மா அவன். 'அடிச்சவனுங்க எங்கடா தொப்பி போட்டிருந்தானுங்க? கைலி கட்டிக்கினு, தலையில துண்டு சுத்திக்கினு வந்த கூலிக்காரனுங்கடா. எல்லாம் நம்ம பக்கத்து ஊருக்காரனுங்கதான், வில்லியனூர்லேந்து ஒருத்தனும் வரல'ன்றான். 'செவப்பா இருந்துச்சேடா'ன்னன். 'துண்டுதான்டா செவப்பு'ன்றான்."

அவர் மடியில் இருந்த துண்டை ஒருமுறை விரித்து மறுபடி மடித்தார்.

"இத்தினி வருசமா அந்தத் துண்டுக்கு நானே தொப்பி மாட்டி வெச்சிருக்கறன். கலரு சரி, ஆளுதான் மாறிப்போச்சி." என் பக்கம் திரும்பினார். "எங்க சாமியார்கிட்ட சொல்லிட்டுதான் பஸ் ஏறினன். நாளைக்கு மொத ஓல வாசிக்கறாரு. உங்க சாமியார்கிட்ட நீங்க போயி சொல்லிடுங்க, சம்பந்தியம்மா."